பயோனெட் பயிற்சி: பாயவும் நிற்கவும்

ராணுவத்தில் சேரத் தயாராகும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி உண்டு. டிரோன் பறந்து வந்து குண்டு போடும் காலத்தில், துப்பாக்கியின் முனையில் பயோனெட் எனப்படும் கத்தியை மாட்டிக்கொண்டு வைக்கோல் பொம்மையைக் குத்தப் பழக்குவது எதற்கு? காலாட்படையில் பணியாற்றி, அந்தப் பணிக்காலத்தில் ஒரு பகுதியை, புதிதாகச் சேரும் ரெக்ரூட்டுகளுக்கு ஆயுதப் பயிற்சி அளிக்கும் உஸ்தாதாகக் கழித்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வியை நான் அசட்டுக் கேள்வி என்று தள்ளுவதில்லை. "அது பரம்பரை வழக்கம்" என்று சொல்லி முடித்துக்கொள்வதுதான் எங்களைப் போன்ற பயிற்றுநர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பித்தல். பயோனெட் பயிற்சி நல்லதா கெட்டதா என்பது அந்தக் கத்தியைப் பொறுத்ததல்ல, அதை எப்படிக் கற்பிக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதே என் கருத்து.

முதலில், கேள்வி கேட்பவர்களின் பக்கம் இருக்கும் நியாயத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஆயுதம் என்ற அளவில் பயோனெட்டின் கணக்கு மிகச் சிறியது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் மருத்துவமனைகளில் பதிவான காயங்களில் பயோனெட்டால் ஏற்பட்டவை 1 சதவீதத்துக்கும் குறைவு. அதே காலத்தைச் சேர்ந்த ஆர்தான் து பிக் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி, பயோனெட்டோடு பாய்ந்து வரும் படையும் எதிர்ப்படையும் உண்மையில் மோதிக்கொள்வது அரிது என்றும், கத்தி உடலைத் தொடுவதற்கு முன்பே ஒரு தரப்பு திரும்பி ஓடிவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறார். துப்பாக்கியும் மாறிவிட்டது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரரும் இந்தியச் சிப்பாயும் ஏந்திய லீ என்ஃபீல்ட் ரைஃபிள் சுமார் 113 சென்டிமீட்டர் நீளம். அதன் முனையில் மாட்டிய 1907 மாடல் பயோனெட்டின் அலகு மட்டும் 43 சென்டிமீட்டர். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஈட்டி. இன்றைய அமெரிக்க எம்-4 கார்பைன் என்ற குட்டை ரைஃபிள், தோளில் அணைக்கும் பின்கட்டையை முழுக்க நீட்டினாலும் 84 சென்டிமீட்டரைத் தாண்டாது. அதன் கத்தி 18 சென்டிமீட்டர்தான். உள்ளிழுத்து நீட்டக்கூடிய அந்தப் பின்கட்டையால் ஓங்கி அடித்தால் கட்டைதான் உடையும் என்று அதைக் கையாண்டவர்கள் சொல்வார்கள். குறிபார்க்க மேலே பொருத்திய ஆப்டிக் சைட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் அமெரிக்கத் தரைப்படை 2010-ல் தன் அடிப்படைப் பயிற்சியிலிருந்து பயோனெட் தாக்குதல் பாடத்தை நீக்கியது. அப்போது புதியவர்களின் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் லெப்டினென்ட் ஜெனரல் மார்க் ஹெர்ட்லிங். பத்து வாரப் பயிற்சிக்குள் உடல்தகுதி, முதலுதவி, துப்பாக்கிச் சுடுதல் எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும் என்னும்போது, கொரியப் போருக்குப் பிறகு அந்தப் படை நடத்தியிராத ஒரு தாக்குதல் முறைக்கு நேரம் ஒதுக்க முடியாது என்பது அவர்களுடைய வாதம். கைகலப்புப் பயிற்சியை அவர்கள் விடவில்லை. அதில் கத்தியும் தடியும் தொடர்ந்தன. ஆனால் அதே நாட்டின் மரைன் படை பயோனெட்டை இன்றும் விடவில்லை. 2003-ல் புதிய மாடல் ஒன்றையே ஏற்றுக்கொண்டது. பிரிட்டிஷ் காலாட்படையும் தன் ரெக்ரூட்டுகளுக்கு இதைத் தொடர்ந்து கற்பிக்கிறது. நம் ரெஜிமெண்ட் மையங்களிலும் "சங்கீன் லகா" (பயோனெட்டைப் பொருத்து) என்ற கட்டளை ஓய்ந்துவிடவில்லை.

பயோனெட் அரிதாகப் பயன்படுகிறது என்பது உண்மை. அது பயன்படும் சூழ்நிலைகளைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். 1948 அக்டோபர் 13 அன்று காஷ்மீரின் தித்வாலில், 1-ஆவது சீக்கியர் பட்டாலியனின் லான்ஸ் நாயக் கரம் சிங் காத்துநின்ற பதுங்குகுழிக்கு மிக அருகில் எதிரிகள் இருவர் வந்துவிட்டார்கள். சுட்டால் சொந்த ஆட்கள் மீதே குண்டு பாயும் என்ற நிலையில், குழியிலிருந்து வெளியே குதித்து இருவரையும் பயோனெட்டால் வீழ்த்தினார். 1971 டிசம்பரில் கங்காசாகரில் லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா எதிரியின் இயந்திரத் துப்பாக்கி பங்கருக்குள் பாய்ந்து இருவரைப் பயோனெட்டால் குத்தி அந்தத் துப்பாக்கியை அடக்கினார். அதே சண்டையில் உயிரும் நீத்தார். இருவருக்கும் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. 1982 ஜூனில் ஃபாக்லாந்துத் தீவுகளின் டம்பிள்டவுன் மலையில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் இரவில் பாறை இடுக்குகளுக்குள் பயோனெட்டோடு முன்னேறினார்கள். 2004 மே 14 அன்று இராக்கின் அமாரா நகருக்கு அருகில் டேனி பாய் சோதனைச் சாவடிப் பகுதியில் பதுங்கித் தாக்கியவர்களின் அகழிகளை நோக்கி பிரிட்டிஷ் வீரர்கள் பயோனெட் பொருத்திய துப்பாக்கிகளோடு பாய்ந்தார்கள். இருட்டு, இடுக்கு, சுட முடியாத நெருக்கம், தீர்ந்துபோன அல்லது சிக்கிக்கொண்ட தோட்டா ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கும் இடத்தில்தான் இந்தக் கத்தி வேலை செய்கிறது. அப்படிப்பட்ட ஒரு நிமிடம் ஒரு வீரரின் பணிக்காலம் முழுவதிலும் வராமலே போகலாம். வந்தால், அப்போது புதிதாகக் கற்றுக்கொள்ள அவகாசம் இராது.

இனி மைதானத்துக்கு வருகிறேன். ரெக்ரூட் முதலில் கற்பது குத்துவதை அல்ல. பயோனெட்டைக் குழலில் பொருத்தியதும் அது 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டதா என்று கையால் இழுத்துப் பார்ப்பதுதான் முதல் பாடம். பிறகு நிலை: இடது கால் முன்னே, முழங்கால் சற்று மடங்கி, பின்கட்டை வலது முன்கையின் உட்புறத்தோடு ஒட்டி, கண் இலக்கின் மேல். அதற்குப் பிறகே ஓட்டம். சாக்கில் வைக்கோல் திணித்துச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்ட டம்மியை நோக்கி, அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்பிக்கொண்டு ஓட வேண்டும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் நடக்கிறது. நன்றாக ஓடக்கூடிய, நன்றாகச் சுடக்கூடிய பையன்கள்கூட டம்மிக்கு ஓர் அடி முன்னால் தங்களை அறியாமல் வேகத்தைக் குறைப்பார்கள். பலர் கத்தி சாக்கைத் தொடும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள். எதிரில் இருப்பது வைக்கோல் என்று தெரிந்தும் உடம்பு தயங்குகிறது. நல்ல வீட்டில் வளர்ந்த பிள்ளையிடம் இருக்க வேண்டிய தயக்கம்தான் அது, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கட்டளை வந்தால் அந்தத் தயக்கத்தைத் தாண்ட உடம்பைப் பழக்குவதே பயிற்சியின் முதல் பாதி. துப்பாக்கிச் சுடுதளத்தில் இதைக் கற்பிக்க முடியாது. முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் அட்டை யாரையும் தயங்க வைப்பதில்லை.

இரண்டாவது பாதி நிற்பது. அவசரமான பயிற்றுநர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். ஓட்டத்தின் நடுவே எதிர்பாராமல் விசில் அடித்தால், அடுத்த காலடியிலேயே தற்காப்பு நிலைக்கு வந்து நிற்க வேண்டும். இதோடு வரிசையில் ஒரு டம்மிக்கு மட்டும் வெள்ளைத் துணி கட்டி வைப்பதை நான் வழக்கமாக வைத்திருந்தேன். அதைக் குத்தாமல், கத்தியின் முனையை விலக்காமல் காவலில் வைத்துக்கொண்டே கடந்து போக வேண்டும். முதல் முறை ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் அதையும் குத்திவிடுவார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. மூச்சிரைக்க, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடும்போது கண்ணில் படுவது மூளைக்கு எட்டுவதில்லை. மறுபடி மறுபடி ஓடவிட்டால்தான் எட்டும். ஆயுதத்தைக் கீழே போட்டுச் சரணடைந்தவனைக் கொல்லவோ காயப்படுத்தவோ கூடாது என்பது 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிமுறைகளில் 23-ஆம் பிரிவிலேயே உள்ள தடை. வகுப்பறையில் அந்த விதியைப் படித்துக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வெள்ளைத் துணியைப் பார்த்ததும் கை நிற்கிறதா என்பது மைதானத்தில்தான் தெரியும்.

இந்தப் பாதியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெஞ்சை உறுத்தும் ஓர் எடுத்துக்காட்டு பதிவில் இருக்கிறது. பயோனெட் சண்டையைக் காயமின்றிப் பழக, இரு முனையிலும் மெத்தை சுற்றிய தடிகளைக் கொண்டு ரெக்ரூட்டுகளை மோதவிடுவது அமெரிக்கப் படைகளின் வழக்கம். 1975 டிசம்பரில் சான் டியேகோ மரைன் பயிற்சி மையத்தில், பின்தங்கியவர்களுக்கென்று வைத்திருந்த ஒரு தனிப் பிளாட்டூனில் (சிறு படைப்பிரிவில்), சண்டையிட மனமில்லாத ஓர் இளைஞரை ஒருவர் மாற்றி ஒருவராகப் பலர் அந்தத் தடிகளால் தாக்கினார்கள். அவர் போதும் என்று கதறிய பிறகும் அது நிறுத்தப்படவில்லை. தலையில் பட்ட காயத்தால் நினைவிழந்த அவர் 1976 மார்ச்சில் இறந்தார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் விசாரணை நடந்தது. மரைன் தளபதி லூயிஸ் வில்சன் அத்தகைய பிளாட்டூன்களையே ஒழித்து, பயிற்சியின்மீது அதிகாரிகளின் மேற்பார்வையை அதிகப்படுத்தினார். அங்கே மெத்தை சுற்றிய தடி இருந்தது, தலைக்கவசம் இருந்தது. 'நிறுத்து' என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

டேனி பாய் சண்டையைப் பற்றி மேலே சொன்னேன். அதன் பின்கதையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பிடிபட்டவர்களை முகாமில் வைத்துக் கொன்றதாகவும் சிதைத்ததாகவும் பிரிட்டிஷ் வீரர்கள்மீது குற்றச்சாட்டு எழுந்து, அல்-ஸ்வேதி விசாரணை ஆணையம் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. கொலைக் குற்றச்சாட்டுகள் முற்றிலும் பொய் என்று 2014 டிசம்பரில் வெளியான அறிக்கை கூறியது. ஆனால் பிடிபட்டவர்களை நடத்திய விதத்தில் சில தவறுகள் நடந்ததையும் அதே அறிக்கை பதிவு செய்தது. பாய்ந்து போன வீரர்கள்மீதான பழி நீங்கியது ஒரு நிம்மதி. பாய்ச்சல் முடிந்த பிறகு வரும் மணிநேரங்களுக்கும் பயிற்சி தேவை என்பதும் அதில் தெரிகிறது.

வெறுப்பை ஊட்டிப் பயிற்றுவிப்பது வேறு ஒரு வகை. 1916-ல் பிரிட்டிஷ் படையின் ரொனால்ட் கேம்ப்பெல் என்ற அதிகாரி பிரான்சில் முகாம் முகாமாகச் சென்று, எதிரியைக் கொல்வதில் இன்பம் காணத் தூண்டும் விதத்தில் பயோனெட் பற்றிச் சொற்பொழிவாற்றிப் பெயர் பெற்றார். அந்தப் பாணியின் எச்சம் இன்றும் சில படைகளின் முழக்கங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதராஸ் ரெஜிமெண்டின் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற போர்முழக்கமும் மென்மையானது அல்லதான், ஒத்துக்கொள்கிறேன். போர்முழக்கம் பயத்தை விரட்டக் கத்துவது. அதைப் பயிற்சித் திட்டம் என்று எடுத்துக்கொள்கிற உஸ்தாதிடம் ரெக்ரூட்டுகளை ஒப்படைக்கக் கூடாது.

லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீன வீரர்களோடு நடந்த மோதலுக்குப் பிறகு இந்த விவாதம் நம் நாட்டில் சூடுபிடித்தது. 1996-ஆம் ஆண்டின் இந்திய-சீன ஒப்பந்தப்படி அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இரு தரப்பும் சுடக் கூடாது. 2020 ஜூன் 15 இரவு கற்களும் தடிகளும் இரும்புக் கம்பிகளும்தான் பாய்ந்தன. நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவரான ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு மறைவுக்குப் பின் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. பலரும் கவனிக்காத ஒன்று, அவர் காலாட்படைக்காரர் அல்லர், 81-ஆம் ஃபீல்ட் ரெஜிமெண்டைச் சேர்ந்த பீரங்கிப் படை வீரர். எந்தப் பிரிவுக்காரராக இருந்தாலும் கைகலப்பு தேடி வரலாம் என்பதே அந்த இரவு காட்டியது. "பார்த்தீர்களா, பயோனெட்தான் தேவை" என்று அதிலிருந்து முடிவு கட்டுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. உயரமான மலையில், உறையும் குளிரில், மூச்சு முட்டும் நிலையில் உடல் நெருக்கத்துக்கு அஞ்சாத பழக்கம் தேவைப்பட்டது. பயோனெட் அந்தப் பழக்கத்தை ஊட்டும் வழிகளில் ஒன்று. ஆயுதமில்லாச் சண்டைப் பயிற்சி இன்னொன்று, பல இடங்களில் அதைவிடப் பயனுள்ளது என்றே சொல்வேன்.

பெற்றோருக்கு ஒரு விஷயம். 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பயிற்சிக் காலமும் சேர்த்துப் பணி நான்கு ஆண்டுகள், அதன்பின் 25 சதவீதம் வரையிலானவர்களே தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ளப்படுவார்கள் என்பதே அறிவிப்பு. அப்படியானால் பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்திலேயே ஊர் திரும்புவார்கள். பாயக் கற்ற அளவுக்கு நிற்கவும் கற்றிருந்தால் அந்தப் பயிற்சி அவர்களுக்கு வீட்டிலும் வேலையிடத்திலும் துணைநிற்கும். விடுப்பில் வரும் மகன் சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறான், தூங்குவதில்லை, காரணமின்றிக் கை ஓங்குகிறான் என்றால் "மிலிட்டரிக்காரன் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பணியில் இருப்பவர் தன் யூனிட் மருத்துவ அதிகாரியை அணுகலாம். வெளியில் இருப்பவர்கள் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

தேர்வுக்குத் தயாராகும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சில தனியார் பயிற்சி மையங்களில் ஆள்சேர்ப்புக்கு முன்பே கட்டைத் துப்பாக்கியில் கத்தியைக் கட்டிக் "கமாண்டோ பயிற்சி" என்ற பெயரில் ஓடவிடுகிறார்கள். காணொளிக்கு அது அழகாக இருக்கும். ஆள்சேர்ப்புத் தேர்வில் அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. தவறாகப் பழகிய கையைத் திருத்துவது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம். ஓடுபாதைகளுக்கு நடுவே இடைவெளியும் பூட்டைச் சரிபார்க்கும் ஆளும் இல்லாத இடத்தில் முன்னால் ஓடுகிறவனின் முதுகுதான் டம்மி. 1600 மீட்டர் ஓட்டத்தையும் புல்-அப்பையும் கவனியுங்கள். மணிக்கட்டுக்கும் தோளுக்கும் வலுவேற்றக் கயிறு ஏறுங்கள். மற்றதை ரெஜிமெண்ட் மையத்தில் உஸ்தாத் முதல் பாடத்திலிருந்தே சொல்லித் தருவார்.