எந்தப் பாலம், எந்த நாள், எத்தனை கவுண்ட்? கடற்கரையிலிருந்து பாட்காஸ்ட் செய்வோருக்கு

பாம்பனில் ஒரு பெரியவரைப் பேட்டி எடுக்கிறீர்கள். "பாலம் வந்த பிறகுதான் எங்க பிழைப்பு மாறுச்சு" என்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அவர் கை காட்டும் திசை தெரிகிறது. காதில் மட்டும் கேட்பவருக்கு? அது 1914-இல் திறந்த ரயில் பாலமா, 1988-இல் வந்த ரோட்டுப் பாலமா, 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலமா? "ரோட்டுப் பாலத்தைச் சொல்றீங்களா ஐயா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பதில் அவர் குரலிலேயே பதிவாகிவிடும். பிறகு எடிட்டிங்கில் ஒட்டவைக்கும் விளக்கத்துக்கு அந்த உயிர் இருக்காது.

பாட்காஸ்ட் கேட்பவர் வலை கட்டிக்கொண்டிருப்பார், அல்லது கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருப்பார். கை வேலையில் இருக்கும்போது யாரும் பின்னால் ஓட்டிக் கேட்பதில்லை. தவறான ஒரு வருடம் காதில் விழுந்தால் அப்படியே தங்கிவிடும்.

தனுஷ்கோடிப் புயலே இதற்கு உதாரணம். 1964 டிசம்பர் 22 இரவில் கடல் அடித்துக்கொண்டு போன ரயிலைப் பலரும் 'போட் மெயில்' என்கிறார்கள். அது பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர், எண் 653. போட் மெயில் சென்னையிலிருந்து வந்த வேறு வண்டி. இறந்தவர் எண்ணிக்கையும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. அங்கே ஒரே எண்ணை அடித்துச் சொல்லாமல் 'நூற்றுக்கு மேற்பட்டோர்' என்று நிறுத்துவதே நேர்மை. வயதானவர்களிடம் நேராக வருடம் கேட்டால் தடுமாறுவார்கள். "புயலுக்கு முந்தியா, பிந்தியா? கல்யாணம் ஆயிருச்சா அப்ப?" என்று கேளுங்கள், காலம் தானாகவே பிடிபடும்.

கச்சத்தீவைப் பேசும்போதும் இதே கவனம் வேண்டும். 1974 ஒப்பந்தத்தையும் 1976 ஒப்பந்தத்தையும் ஒன்றாகக் குழப்பும் நிகழ்ச்சிகள் ஏராளம். தீவு இலங்கைப் பக்கம் போனது 1974-இல். மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வகுத்தது 1976-இல். ஒரு நாட்டின் கடலில் மற்ற நாட்டு மீனவர் மீன்பிடிக்கக் கூடாது என்பதும் 1976-இல் எழுதிக்கொண்ட கடிதங்களில்தான் இருக்கிறது. மூலத்தைப் படிக்காமல் மைக் முன் உட்காராதீர்கள்.

வியாபாரம் பேசினால் எண்ணோடு அளவும் வர வேண்டும். "இறால் கிலோ இவ்வளவு" என்றால் அதில் ஒன்றுமே தெரியாது. 30 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 30 இறால். எண்ணிக்கை ஏற ஏற இறால் சிறிது, விலை குறைவு. தலையோடா, தலை நீக்கியதா? தலையை எடுத்தால் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஏலத்தில் கூவிய விலையா, கமிஷன் போகப் படகுக்காரர் கைக்கு வந்ததா? முன்பணம் வாங்கிய படகு அந்த வியாபாரிக்கே மீனைக் கொடுத்தாக வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். யார் யாரிடம் வாங்கினார் என்று பெயர் கேட்காதீர்கள். மீன்பிடித் தடைக்காலத்தைச் சொல்லும்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்பதோடு, அது விசைப்படகுகளுக்கான தடை, நாட்டுப்படகு கடலுக்குப் போகும் என்பதும் சேர வேண்டும். தூரத்துக்கும் இதே கவனம் வேண்டும்: 3 கடல் மைல் என்பது சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர். வெறும் 'மைல்' என்றால் கணக்கு தப்பும்.

வானிலையைப் பாட்காஸ்ட்டில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. "காற்று தணிஞ்சிருச்சு" என்று செவ்வாய்க்கிழமை சொன்னதை ஒருவர் வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டுப் படகை இறக்கினால் யார் பொறுப்பு? அது நேரலை வானொலியின் வேலை. பாம்பனில் கடல் ஓசை சமூக வானொலியே இருக்கிறது. மற்றச் செய்திகளிலும் 'இன்று', 'நாளை', 'போன வாரம்' எல்லாவற்றையும் தேதியாக மாற்றிச் சொல்லுங்கள்.

இனி ஒலி. இந்தக் கரையில் பதிவைக் கெடுப்பது முதலில் காற்றுதான். மைக்கோடு வரும் பஞ்சு உறை வீட்டுக்குள் போதும், கடற்கரையில் போதாது. அதன் மேல் ரோம உறை போட வேண்டும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) இரையும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அடங்கியிருக்கும். வாடை வீசும் மாதங்களில் இது தலைகீழ். அதைப் பார்த்து எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள். கரையேற்றிய படகின் மறைவில், காற்றுக்கு முதுகு காட்டிப் பேசுபவரை உட்கார வையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில். ரெக்கார்டரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வசதியைப் போட்டுவிடுங்கள், உறுமல் குறையும். குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கட்டும். சிரிப்போ அழுகையோ ஏறும்போது உடையாமல் இருக்க அந்த இடம் வேண்டும். உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாகச் சீராக்காது. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் பதியுங்கள். வெட்டிய இடங்களில் அதை இட்டு நிரப்பினால் ஒட்டு தெரியாது. தகரக் கொட்டகை எதிரொலிக்கும். கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் அதைவிட எவ்வளவோ மேல்.

வெளியிடும்போது மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும். அரை மணி நேரம் 15 எம்பிக்குள் அடங்கும். சிக்னல் இழுக்கும் இடத்திலும் இறங்கும்.

இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட மீனவரின் வீட்டில் பேசும்போது முதலில் மைக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்: பெயர் வரலாமா, எந்தப் பேச்சு வெளியே போகக் கூடாது? பிறகு அந்தச் சம்மதத்தை அவர் குரலிலேயே தேதியோடு பதியுங்கள். பெயரை மறைத்தாலும் ஊரும் படகு எண்ணும் வந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். குரலையும் ஊரார் அடையாளம் காண்பார்கள், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "போட்டுராதீங்க தம்பி" என்று மறுநாள் போன் வந்தால், எடிட்டிங் எவ்வளவு முடிந்திருந்தாலும் அதை எடுத்துவிடுங்கள்.

தவறு வெளியாகிவிட்டால் கோப்பைத் திருத்தி ஏற்றினால் மட்டும் போதாது, ஏற்கெனவே இறக்கி வைத்தவரிடம் பழையதுதான் இருக்கும். அடுத்த நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே, எந்த நிகழ்ச்சியில் எத்தனையாவது நிமிடத்தில் என்ன தவறாகச் சொன்னீர்கள், சரியானது எது என்று சொல்லுங்கள். கடைசியில் வைத்தால் அதற்குள் பாதிப் பேர் அணைத்திருப்பார்கள்.