பகலில் கேட்காத டும் டும் ராத்திரி எப்படி வீடு தேடி வருகிறது?

மூணாறு பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருப்பவர். பள்ளத்தாக்குக்கு எதிர்ச் சரிவில் ஒரு ரிசார்ட் இருக்கிறது. நேர்க்கோட்டில் பார்த்தால் ஒரு கிலோமீட்டர் தூரம். விடுமுறை ராத்திரிகளில் அங்கே டி.ஜே. நடக்கும். “பாட்டு என்னவென்று எங்களுக்குத் தெரியாது சார். டும் டும் மட்டும்தான் வரும். அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றோடு ஒன்று உரசி கிணுகிணுக்கும். பகலில் அதே இடத்தில் பஸ் ஹாரன் அடித்தால்கூடக் கேட்காது. லயத்து ஆட்கள் சேர்ந்து மனு கொடுத்தோம். அளக்க வந்தவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து, ஸ்பீக்கரைப் போடச் சொல்லி, மீட்டரைப் பார்த்துவிட்டு, வரம்புக்குள்தான் இருக்கிறது என்று போய்விட்டார்கள். நாங்கள் சொல்வது பொய்யா?”

பொய் இல்லை. அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும், டம்ளர் உட்பட, இயற்பியலில் இடம் இருக்கிறது. நாலு மணிக்கு மீட்டர் காட்டியதும் உண்மையாகவே இருக்கலாம். அளந்த நேரம், அளந்த இடம், அளந்த முறை மூன்றுமே பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் படித்ததை வேகமாகக் கடந்துவிடுவோம். ஒலி என்பது காற்றில் பரவும் அழுத்த அலை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். பேச்சு பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) முதல் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை இருக்கும், டி.ஜே. பாட்டின் அடி விழுவது 50, 60 ஹெர்ட்ஸில். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். 50 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 7 மீட்டர்.

ராத்திரி ஏன் அதிகம் கேட்கிறது என்றால், ஊர் அடங்கிவிடுகிறது, அதனால் கேட்கிறது என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதிதான் எனக்கு மிகவும் பிடித்த பாதி: ராத்திரியில் ஒலி வளைகிறது.

காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. பூஜ்ஜியம் டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 மீட்டர் கூடும். இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் ஒலி அலை ஒரு முகப்பாகப் போகிறது. முகப்பின் மேல்பகுதி ஒரு வேகத்திலும் கீழ்ப்பகுதி வேறு வேகத்திலும் போனால் என்ன ஆகும்? தேர்வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத்து வடத்தை இழுப்பவர்கள் வேகமாகப் போய், இடப்பக்கத்தார் பின்தங்கினால் தேர் இடப்பக்கம் திரும்பும். எந்தப் பக்கம் மெதுவோ அந்தப் பக்கம். ஒலியும் அப்படியே: குளிர்ந்த காற்று இருக்கும் பக்கமாக வளையும்.

பகலில் வெயிலில் தரை சூடாகிறது, தரையை ஒட்டிய காற்றும் சூடாகிறது, மேலே போகப் போகக் குளிர்கிறது. எனவே பகலில் ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடும். சில நூறு மீட்டர் தாண்டினால் தரையில் இருப்பவருக்கு அது நேராக வந்து சேராத ஒரு நிழல் பகுதி உண்டாகிறது. பஸ் ஹாரன் கேட்காததற்கு இதுதான் காரணம். பள்ளத்தாக்கைத் தாண்டும் முன்பே அது தலைக்கு மேலே ஏறிவிட்டது.

சூரியன் மறைந்ததும் எல்லாம் தலைகீழாகும். மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில் தேயிலைச் சரிவு தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்று குளிர்ந்து கனமாகி, சரிவில் மெல்ல இறங்கி, பள்ளத்தில் தேங்குகிறது. கீழே குளிர், மேலே கொஞ்சம் கதகதப்பு. வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று இதற்குப் பெயர். டிசம்பர், ஜனவரியில் செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் விடிகாலையில் புல்மேல் உறைபனி படிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டைவிடப் பள்ளத்தில்தான் உறைபனி கூடுதலாகப் படியும். அங்கேதான் குளிர்காற்று தேங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எனக்கு அலுக்காத கணக்கு. கணக்கு எளிதாக இருக்க நடுவே தரை சமம் என்றும், தரையிலிருந்து 30 மீட்டர் உயரத்துக்குள் காற்று 3 டிகிரி சூடாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பள்ளத்தாக்கில் தெளிந்த ராத்திரிக்கு இது சாதாரணம். ஒலியின் வேகம் அந்த 30 மீட்டரில் நொடிக்கு 1.8 மீட்டர் கூடுகிறது. இந்த வேக வித்தியாசத்தில் ஒலிப்பாதை, ஏறக்குறைய 5.6 கிலோமீட்டர் ஆரம் உள்ள வட்டத்தின் ஒரு துண்டாக வளையும். ஸ்பீக்கரிலிருந்து 5 டிகிரி மேல்நோக்கிக் கிளம்பிய ஒலியைத் தொடர்ந்து போவோம். பகலாக இருந்தால் அது திரும்பவே போவதில்லை. ராத்திரியில் அது 21 மீட்டர் வரை ஏறுகிறது, அங்கே படுக்கைவாட்டில் போகிறது, பிறகு இறங்க ஆரம்பிக்கிறது. எங்கே வந்து தரையைத் தொடும் தெரியுமா? கிட்டத்தட்ட 980 மீட்டர் தள்ளி. ஒரு கிலோமீட்டர் தூரத்து லயத்து வாசலில்!

21 மீட்டர் என்பது முக்கியம். நடுவே இருக்கும் மரங்களையும் கட்டிடங்களையும் அது ஏறித் தாண்டிவிடுகிறது. ரிசார்ட் சுற்றுச்சுவரை இரண்டு அடி உயர்த்தினேன், சவுக்கு நட்டேன் என்று சொல்லும் சமாதானம் இந்த ஒலியிடம் எடுபடாது. தரையில் பட்ட ஒலி தெறித்து, மறுபடி ஏறி, மறுபடி வளைந்து இறங்கும். மேலே தப்பிப் போக வழியில்லாததால், வழக்கமாகக் குறைவதைவிட மெதுவாகவே குறைந்துகொண்டு போகும். காற்றில் ஒலி இப்படி வளைவதை இங்கிலாந்தில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1874-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 150 வருடப் பழைய அறிவியல் இது. அதை ஏற்றுக்கொண்டு ராத்திரியில் வந்து அளப்பதற்கு இன்னும் எத்தனை மனு வேண்டும்?

பள்ளத்துக்கு அக்கரையில் யாரோ பேசுவது ராத்திரியில் காதோரம் கேட்பதை வைத்து, முனி பேசுகிறது என்று குழந்தைகளைப் பயமுறுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு மேலே சொன்ன கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். முனியைவிட இது சுவாரசியமானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூணாறில் வானம் தெளிந்து குளிர்காற்று தேங்கும் மாதங்களும், கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு ரிசார்ட்டுகள் நிரம்பி டி.ஜே. நடக்கும் மாதங்களும் ஒன்றே.

சரி, பாட்டு வராமல் டும் டும் மட்டும் ஏன் வருகிறது? காற்று உயர்ந்த அதிர்வெண்ணைத் தின்றுவிடும். 4,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு கிலோமீட்டர் போவதற்குள், தூரத்தால் குறைவது போக, காற்றில் மட்டுமே 20 டெசிபெலுக்கு மேல் இழக்கிறது. 60 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு டெசிபெல்கூட இழப்பதில்லை. மிச்சம் மீதி வரும் உயர்சுருதியைச் சுவரும் ஜன்னலும் தடுத்துவிடும். டும் டும் என்ற பேஸ் ஒலியை, அதாவது கீழ்ச்சுருதியை, அவற்றால் அதிகம் தடுக்க முடியாது. ஒரு தடுப்பு எவ்வளவு ஒலியை நிறுத்தும் என்பது அதன் எடையையும் ஒலியின் அதிர்வெண்ணையும் பொறுத்தது. அதிர்வெண் பாதியானால் தடுப்பு 6 டெசிபெல் குறையும். அந்தக் கணக்குப்படி 5 மில்லிமீட்டர் கண்ணாடி 1,000 ஹெர்ட்ஸில் 35 டெசிபெலுக்குப் பக்கமாகத் தடுக்கும், 50 ஹெர்ட்ஸில் 9 தான். தகரக் கூரை 50 ஹெர்ட்ஸில் இருந்தும் இல்லாத மாதிரி. லயத்துக் கூரை தகரம். ரிசார்ட்டின் பார்ட்டி ஹாலும் பல இடங்களில் கண்ணாடியும் தகரமும்தான்.

சட்டத்தின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கின்றன. ஆனால் மூடிய அரங்குக்குள், விருந்து மண்டபத்துக்குள் என்றால் விலக்கு. சிறப்பு அனுமதி இல்லாமல் புல்வெளியில் 10 மணிக்கு மேல் போட்டால் அது நேரடி விதிமீறல், அதற்கு மீட்டரே தேவையில்லை. அதே பெட்டிகளை ஒரு தகரக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினால் அது மூடிய அரங்கு ஆகிவிடுகிறது. விதியின் கண்ணுக்கு அது மூடியது. 50 ஹெர்ட்ஸுக்கு அது திறந்தவெளி.

விலக்கு இருந்தாலும் அளவு வரம்பு போய்விடாது. குடியிருப்புப் பகுதிக்கு பகலில் 55 டெசிபெல், ராத்திரியில் 45. தனியார் இடமென்றால் அதன் எல்லையில் இந்த வரம்பைவிட 5 டெசிபெலுக்கு மேல் கூடக் கூடாது. நல்ல எண்கள்தான். ஆனால் அந்த டெசிபெலுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு ‘ஏ’ இருக்கிறது. வாசகி கேட்ட கேள்விக்குப் பதிலில் பாதி அந்த எழுத்தில் இருக்கிறது.

1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் மனிதக் காது எந்த அதிர்வெண்ணை எவ்வளவு சத்தமாக உணர்கிறது என்று வரைபடம் போட்டார்கள். மெல்லிய ஒலிகளில் காதுக்குக் கீழ்ச்சுருதி சரியாகக் கேட்பதில்லை. அதற்கேற்ப மீட்டரும் கீழ்ச்சுருதியைக் கழித்துக் காட்டட்டும் என்று வந்ததுதான் ஏ அளவு. 50 ஹெர்ட்ஸில் அது 30 டெசிபெலைக் கழித்துவிடும். அதாவது லயத்து வாசலில் 70 டெசிபெல் பேஸ் விழுந்தாலும் மீட்டர் காட்டுவது 40. வரம்பு 45. “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் 50 ஹெர்ட்ஸில் காதுக்குக் கேட்கத் தொடங்கும் எல்லை ஏறக்குறைய 44 டெசிபெல். 70 என்பது அதைவிட எவ்வளவோ மேலே. டம்ளருக்கோ காதே கிடையாது, ஏ அளவும் கிடையாது. 70 டெசிபெலுக்குத் தகரம் அதிர்கிறது, அலமாரி அதிர்கிறது, அது கிணுகிணுக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. படுக்கையறைக்குள் 30 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது. கீழ்ச்சுருதி தூக்கலாக இருந்தால் ஏ அளவு பொருந்தாது, வரம்பை இன்னும் குறைக்க வேண்டும் என்பது அதன் வழிகாட்டுதல். கீழ்ச்சுருதியைக் கிட்டத்தட்டக் கழிக்காமல் காட்டும் ‘சி’ அளவு பல மீட்டர்களில் ஒரு பொத்தானை மாற்றினால் வரும். பிரான்ஸ் 2017-ல் இசை அரங்குகளுக்கான ஆணையில் ஏ, சி இரண்டிலும் தனித்தனி வரம்பு வைத்தது. நம் விதியில் சி-க்கான வரி இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்காக நான் எந்த மனுவிலும் கையெழுத்துப் போடுவேன்.

அளக்கும் இடமும் முக்கியம். பத்தடி அறையின் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் ஒலியின் அரை அலைநீளம் அச்சாகப் பொருந்துகிறது, டி.ஜே. அடி விழும் இடம்தான் அது. சுவரோரம் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், அறை நடுவே கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. அளப்பவர் நடுவீட்டில் நிற்கிறார். தூங்குபவர் சுவரோரம் தலை வைத்துப் படுக்கிறார்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிரந்தர ஒலி அளவீட்டு வலையமைப்பு 2011-ல் தொடங்கி 7 பெருநகரங்களில் 70 நிலையங்களாக வளர்ந்தது. சென்னை உண்டு, பெங்களூரு உண்டு. மூணாறு, குமுளி, வாகமண் மாதிரி ஒரு மலையூர்கூட இல்லை. பள்ளத்தாக்கில் ஒலி நடந்துகொள்ளும் விதம் சமவெளி நகரத்தில் நடப்பதிலிருந்து வேறு. ஒரு பருவம் முழுக்க ஒரு பள்ளத்தாக்கில் நாலைந்து வெப்பமானிகளும் இரண்டு ஒலி மீட்டர்களும் வைத்து அளக்க ஒரு கல்லூரி இயற்பியல் துறை போதும், பணமும் பெரிதாக ஆகாது. அதற்குக்கூட நிதி ஒதுக்காமல் சுற்றுலா விளம்பரத்துக்குக் கொட்டுவது எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. காலையில் கொழுந்து எடுக்கச் சரிவில் ஏற வேண்டியவர்களின் தூக்கம் அந்த விளம்பரக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை. அதே நேரம், ரிசார்ட்டை இழுத்து மூடு என்று நான் சொல்லமாட்டேன். லயத்துப் பிள்ளைகள் பலர் வேலை பார்ப்பதும் அங்கேதான். அவர்களால் பேஸைக் குறைக்க முடியும். பேஸுக்கான பெட்டிகளான சப்வூஃபர்கள் இரண்டைக் கணக்குப் பார்த்து இடைவெளி விட்டு வைத்து, ஒன்றுக்குச் சின்னத் தாமதமும் எதிர்த்துருவமும் (அலையைத் தலைகீழாக்குவது) கொடுத்தால், பின்பக்கம் போகும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு 10 டெசிபெலுக்கு மேல் குறையும். ஆடுபவர்களுக்கு முன்பக்கம் பெரிதாகக் குறையாது. பெரிய கச்சேரிகளில் வழக்கமாகச் செய்வதுதான்.

அடுத்த மனுவில் வாசகி இதையெல்லாம் கேட்கலாம்: வானம் தெளிந்த ராத்திரி 10 மணிக்கு மேல் அளக்க வேண்டும். ரிசார்ட் எல்லையில் மட்டுமில்லாமல் லயத்து வாசலிலும், வீட்டுக்குள் படுக்கும் சுவரோரமும் அளக்க வேண்டும். ஏ அளவோடு சி அளவையும், முடிந்தால் 63 ஹெர்ட்ஸ் பட்டையைத் தனியாகவும் பதிவு செய்ய வேண்டும். ஏ-க்கும் சி-க்கும் நடுவே 10 டெசிபெலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது பேஸ் பிரச்சினை என்று அறிக்கையில் எழுதச் சொல்ல வேண்டும். போனில் ஆப் போட்டு அளந்ததை மட்டும் நம்பிப் போக வேண்டாம். பல போன்களின் மைக் பேச்சுக்காக அமைத்தது, கீழ்ச்சுருதியை அதுவும் வெட்டிவிடும். அதைவிட டம்ளர் கிணுகிணுப்பதை நேரத்தோடு வீடியோ எடுத்து மனுவோடு கொடுங்கள். போன் மைக்குக்கு அந்தக் கிணுகிணுப்பு நன்றாகவே கேட்கும்.