தொண்டை வலிக்கு மெடிக்கல் ஷாப் போகும் முன்

தொண்டை வலி என்று என்னிடம் வருகிறவர்களில் பலர், மெடிக்கலில் கேட்டு வாங்கிய அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை இரண்டு நாள் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். "மாத்திரைக்குக் கேக்கல டாக்டர், வேற நல்லதா எழுதிக் குடுங்க" என்பார்கள். கேட்காதுதான். தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. கூடவே மூக்கு ஒழுகுகிறது, இருமுகிறது, குரல் கம்முகிறது என்றால் அநேகமாக வைரஸ்தான். ஒரு வாரத்தில் தானாக அடங்கிவிடும்.

அதுவரை வலியைக் குறைத்தால் போதும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளியுங்கள். பாராசிட்டமால் போடலாம், குழந்தைக்கு எடைக்கேற்ற அளவுதான். தேன் இதமாக இருக்கும், ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கூடவே கூடாது. ஐஸ்கிரீம்? பாட்டிகள் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன், குளிர்ச்சி வலியை மரத்துப்போகச் செய்யும், சாப்பிடட்டும்.

சரி, ஆன்டிபயாடிக் யாருக்குத் தேவை? 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல், இருமல் இல்லை, டான்சிலில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் நெறி கட்டி, தொட்டாலே வலி. இப்படி இருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவியெடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். இதைச் சரியாகக் கவனிக்காவிட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வலியோடு ருமாட்டிக் காய்ச்சல் வரும், இதய வால்வே பழுதாகலாம். நம் நாட்டில் இந்த நோய் இன்னும் ஒழியவில்லை. பென்சிலினோ அமாக்சிசிலினோ எழுதினால் வழக்கமாக 10 நாள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே பிள்ளை விளையாட ஓடிவிடும், வீட்டில் மருந்தை நிறுத்திவிடுவார்கள். தேவையில்லாமல் போடுவதைவிட எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்.

காய்ச்சலே இல்லாமல், காலையில் மட்டும் தொண்டை கரகரப்பு வாரக்கணக்கில் இருக்கிறதா? ராத்திரி பரோட்டா சாப்பிட்ட கையோடு படுக்கிறீர்களா என்று பாருங்கள். வயிற்று அமிலம் மேலேறியும் தொண்டையைப் புண்ணாக்கும். வாய் திறந்தபடி ஏசி அறையில் தூங்குவதும் ஒரு காரணம். ஆசிரியர்களுக்குக் குரலுக்கு ஓய்வு வேண்டும். கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வில் சேராது.

எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, வாயைத் திறக்க முடியவில்லை, மூச்சு விடும்போது சத்தம் வருகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினால், முக்கியமாகப் புகை பிடிப்பவரோ புகையிலை போடுபவரோ என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும்.