புது கிராபிக்ஸ் கார்டு போட்டும் 60 ஏன் நகரவில்லை?

எல்டன் ரிங் என்ற கேம் 2022-இல் வெளிவந்தபோது, பிசியில் அதை ஓட்ட ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் பரிந்துரைத்த கிராபிக்ஸ் கார்டுகளில் ஒன்று ஜிடிஎக்ஸ் 1070. அது 2016-இல் வந்த கார்டு. அதைக் கழற்றிவிட்டு, ஒன்றரை லட்சத்துக்கு மேல் விலைபோன ஆர்டிஎக்ஸ் 4090-ஐ மாட்டிப் பாருங்கள். படம் 4கே-யில் பளிச்சென்று இருக்கும், ஒளி எப்படிப் பட்டுத் தெறிக்கும் என்று கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கையும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு, அதாவது 60 படத்துக்கு, மேல் ஒன்றுகூட வராது. பூட்டு கேமுக்குள்ளேயே இருக்கிறது.

"பிசியை அப்கிரேடு பண்ணலாமா?" என்று யாராவது கேட்டால், பட்ஜெட் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், என்ன கேம், என்ன மானிட்டர் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஃபிரேம் ரேட்டைப் பிடித்து நிறுத்தக்கூடியவர்கள் நான்கு பேர்: கேம், திரை, பிராசசர், கிராபிக்ஸ் கார்டு. பிடித்திருப்பவர் ஒருவர், காசு செலவழிப்பது இன்னொருவர் மேல் என்றால் எண் அசையாது.

கேமிலிருந்தே தொடங்கலாம். எந்த கேமும் உள்ளே ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு லூப்தான். பட்டன் அழுத்தினார்களா என்று பார்க்கும், எதிரிகளை நகர்த்தும், விழவேண்டியதை விழவைக்கும், படம் வரையும், மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்கு ஒரு ஃபிரேம். கேள்வி என்னவென்றால், ஒரு சுற்றில் அந்த உலகத்தை எவ்வளவு நேரம் முன்னால் தள்ளுவது? கன்சோலுக்கு எழுதுபவருக்கு இது தலைவலியே இல்லை. எல்லார் வீட்டிலும் ஒரே இயந்திரம், ஒரே வேகம். ஒரு சுற்று என்றால் நொடியில் 30-இல் ஒரு பங்கு என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விடலாம். அப்படி எழுதியதை பிசிக்குக் கொண்டுவந்து, பூட்டைத் திறந்து 60-இல் ஓட்டினால் உலகமே இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். 2013-இல் வந்த நீட் ஃபார் ஸ்பீடு ரைவல்ஸில் அப்படித்தான் நடந்தது. டார்க் சோல்ஸ் 2-இல் இன்னும் வேடிக்கை. பிசியில் 60 ஃபிரேமில் ஆடியவர்களின் ஆயுதங்கள், கன்சோலில் 30-இல் ஆடியவர்களுடையதைவிட இரண்டு மடங்கு வேகமாகத் தேய்ந்து உடைந்தன. அதைச் சரிசெய்ய 2015 ஆயிற்று. (இந்த மாதிரி குறையே ஆட்டத்துக்கு உயிர் கொடுத்ததும் உண்டு. 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பது, வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் தானாக வந்த வேகம். அதை உருவாக்கிய நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார்.)

இதற்கு மாற்று, போன சுற்றுக்கு எத்தனை மில்லிநொடி ஆனதோ அந்த அளவுக்கு மட்டும் உலகத்தை நகர்த்துவது. இன்றைய கேம்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஆனாலும் ஃபிரேம் ரேட்டின் சாயல் முழுக்கப் போய்விடுவதில்லை. 1999-இல் வந்த குவேக் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஈர்ப்பு விசையின் அளவு 800. நொடிக்கு 125 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 8 மில்லிநொடி. அந்த 8 மில்லிநொடியில் மேலே குதித்தவரின் வேகம் 6.4 குறைய வேண்டும். ஆனால் கேம் வேகத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் முழு எண்ணாக்கிவிடும். ஆகவே 6.4 என்பது 6 ஆகிறது. ஒரு நொடிக்குக் கூட்டிப் பார்த்தால் ஈர்ப்பு விசை 750-க்கு இறங்கிவிட்டது! ஆட்டக்காரர் கொஞ்சம் உயரமாகக் குதிப்பார், மற்றவர்களால் எட்ட முடியாத மேடையில் ஏறுவார். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் சரியாக 125-இல் பூட்டிக்கொண்டு ஆடினார்கள்.

ஆகவே ஒரு நிறுவனம் 60-இல் பூட்டுப் போடுவதை வெறும் சோம்பேறித்தனம் என்று திட்டிவிட முடியாது. எந்த வேகத்தில் சோதித்தார்களோ அந்த வேகத்தில் மட்டும்தான் அடியும் தடுப்பும் சரியாக விழும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் 2022-இல் பிசியில் விற்கும் கேமுக்கு அது போதுமான சாக்கு அல்ல என்பது என் கட்சி. எல்டன் ரிங்கின் பூட்டை உடைக்க மாட்கள் (ரசிகர்கள் எழுதும் மாற்று நிரல்கள்) இருக்கின்றன; ஏமாற்றுத் தடுப்பை நிறுத்திவிட்டு ஆஃப்லைனில் மட்டும் ஆட வேண்டியிருக்கும்.

அடுத்து திரை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லிநொடிக்கு ஒரு முறைதான் படத்தை மாற்றும். கார்டு 150 ஃபிரேம் வரைந்து தள்ளினாலும் திரைக்கு வேகம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் முழு வீண் என்று சொல்ல மாட்டேன். திரை மாறும் நேரம் வரை ஃபிரேமைக் காக்கவைக்கும் விசிங்க் போடாமல் ஆடினால் திரைக்கு வருவது கொஞ்சம் புதிய படமாக இருக்கும், மவுசுக்கும் படத்துக்கும் உள்ள தாமதம் குறையும். பதிலுக்கு, பாதி பழைய படமும் பாதி புதுப் படமும் சேர்ந்து திரை குறுக்கே கிழிந்தாற்போல் தெரியும். விசிங்க் போட்டால் கிழிசல் போகும், வேறு வம்பு வரும். இரட்டை பஃபர் முறையில் (ஒரு படம் திரையில், அடுத்தது தயாரிப்பில்) ஒரு ஃபிரேமுக்கு 17 மில்லிநொடி ஆகிவிட்டால், அரை மில்லிநொடிகூட இல்லாத அந்தத் தாமதத்துக்காக அடுத்த முறை திரை மாறும் வரை, அதாவது 33.3 மில்லிநொடி வரை, காத்திருக்க வேண்டும். 60 சடாரென்று 30 ஆகிவிடும். என்விடியா 2013-இல் ஜி-சிங்க் கொண்டுவந்ததும், ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் 2015-இல் மானிட்டர்களில் வந்ததும் இதைத் தீர்க்கத்தான். ஃபிரேம் எப்போது தயாரோ அப்போது திரை மாறும். தடுமாறும் பழைய கார்டை வைத்திருப்பவருக்கு இந்த வசதியுள்ள மானிட்டரே நல்ல அப்கிரேடு.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 என்றே விட்டுவைத்து மாதக்கணக்கில் ஆடுபவர்கள் நிறையப் பேர். கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியவர்களும் உண்டு. காசு எடுக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

"60-க்கு மேல் கண்ணுக்கே தெரியாது" என்பார்கள். சினிமாவுக்கு 24 போதுமே என்று உதாரணமும் காட்டுவார்கள். சினிமா கேமரா, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் நடக்கும் அசைவைக் கலங்கலாகப் பதிவுசெய்கிறது. அந்தக் கலங்கல்தான் ஃபிரேம்களை ஒட்டிக்காட்டுகிறது. கேம் வரைவது ஒரு கணத்தின் கூர்மையான படம். தவிர, எல்சிடி திரை அடுத்த ஃபிரேம் வரும்வரை அதே படத்தை அசையாமல் பிடித்து வைத்திருக்கும். நம் கண்ணோ ஓடும் பொருளைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டிருக்கும். நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஒரு கார் ஓடுகிறது என்று வையுங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் நிற்கும் நேரத்தில் கண் 16 பிக்சல் நகர்ந்துவிடும். அந்த 16 பிக்சலுக்கும் கார் விழித்திரையில் இழுபட்டுத் தெரியும். 120-இல் 8 பிக்சல், 240-இல் 4. இழுபடல் பாதியாவதைச் சாதாரணக் கண்ணே பார்க்கும்.

ஆனால் அதே கணக்கில்தான் செலவின் பலன் தேய்வதும் தெரிகிறது. எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) என்ற எண் ஏமாற்றும். மில்லிநொடியாக மாற்றிப் பாருங்கள். 30-லிருந்து 60-க்குப் போனால் ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடி மிச்சம். 60-லிருந்து 120-க்கு 8.3. 120-லிருந்து 240-க்கு 4.2 மட்டுமே. கார்டின் விலை மட்டும் எதிர்த் திசையில் ஏறும். போட்டிக்கு ஆடும் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டக்காரருக்கு அந்த நாலு மில்லிநொடி வேண்டியிருக்கலாம். கதை கேம் ஆடுபவருக்கு 60-க்கும் 100-க்கும் நடுவில் எங்காவது போதும் என்பேன்.

இப்போது பிராசசரும் கார்டும். எதிரி எங்கே போகிறான், எந்தப் பொருள் கண்ணில் படும், எதை எங்கே வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது பிராசசர். அதை வாங்கி ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் தீட்டுவது கார்டு. பரோட்டா கடையில் மாவு வீசுபவரும் கல்லும் மாதிரி. வீசுபவரின் கை பத்துக்கு மேல் ஓடாதென்றால், இருபது பிடிக்கும் கல் வாங்கிப் போட்டும் பாதிக் கல் சும்மாதான் காயும்.

எண்ணிலேயே பார்க்கலாம். 1080பி-யில் ஒரு கேமுக்கு ஃபிரேம் ஒன்றுக்குப் பிராசசர் 12 மில்லிநொடி, கார்டு 15 மில்லிநொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார்டு ஒரு ஃபிரேமை வரையும்போதே பிராசசர் அடுத்ததைத் தயார்செய்வதால் இரண்டையும் கூட்ட வேண்டாம், மெதுவானதுதான் கணக்கு. 15 மில்லிநொடி என்றால் 66 எஃப்பிஎஸ். இரண்டு மடங்கு வேகமான கார்டை வாங்குகிறீர்கள். கார்டின் நேரம் 7.5 ஆகிறது. பிராசசர் அதே 12. கிடைப்பது 83. இரட்டிப்பு வேகத்துக்குக் காசு கொடுத்து, கால் பங்கு வாங்கியிருக்கிறீர்கள். அதே வீட்டில் 1440பி மானிட்டர் இருந்தால் கதை வேறு. 1080பி-யில் பிக்சல்கள் சுமார் 20.7 லட்சம், 1440பி-யில் 36.9 லட்சம். பழைய கார்டுக்கு 26 மில்லிநொடி ஆகும், புதியதற்கு 13. பிராசசர் இன்னும் 12-இல்தான் நிற்கிறது. 38 எஃப்பிஎஸ் 76 ஆகிறது. கொடுத்த காசு முழுக்கக் கையில் வந்துவிட்டது.

உங்கள் பிசியில் யார் மெதுவானவர் என்று பார்க்கக் காசே வேண்டாம். கேமில் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பது கார்டு. ஏறவில்லையென்றால், கேமின் பூட்டும் விசிங்கும் இல்லாத பட்சத்தில், பிராசசர். கார்டைக் கண்காணிக்கும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் உபயோகம் 97, 98 சதவீதம் என்று காட்டினாலும் மெதுவானவர் கார்டுதான். பிராசசர் சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். 16 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) உள்ள பிராசசரில் கேமின் முக்கியமான ஒரு திரெட் முழு மூச்சில் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதம்தான். "சிபியு 30 சதவீதம்தான் ஓடுது, அப்போ பிரச்சினை அது இல்ல" என்று முடிவுகட்டிக் கார்டு வாங்கியவர்கள் அநேகம்.

பிராசசர்தான் என்று தெரிந்தாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். மெமரிக்கு எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் மதர்போர்டு செட்டிங்) போடாமல் விட்டிருந்தால் 3200 வேகத்துக்கு வாங்கிய டிடிஆர்4 ரேம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். ஒற்றை ஸ்டிக் என்றால் பாதி அகலச் சாலை. கேமின் கணக்குகள் பெரும்பாலும் மெமரியிலிருந்து தரவு வரும்வரை கைகட்டிக் காத்திருப்பவை. ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி இதை அழகாகக் காட்டியது. 2022 ஏப்ரலில் வந்த அது, 5800எக்ஸைவிடக் கடிகார வேகத்தில் குறைவு. ஆனால் பிராசசருக்குள்ளேயே இருக்கும் குட்டி மெமரியான கேஷ் 32 எம்பிக்குப் பதில் 96 எம்பி. பல கேம்களில் அண்ணனைத் தாண்டி ஓடியது. 2017-இல் வாங்கிய ஏஎம்4 சாக்கெட் மதர்போர்டுகள் பலவற்றில் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்து அதை மாட்ட முடிந்தது. போர்டு, ரேம் எதையும் மாற்றாமல் கிடைத்த அப்கிரேடு அது. இந்த மாதிரி அபூர்வமாகத்தான் அமையும்.

சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் பார்த்து வாங்குவதும் வம்பு. ஒரு நொடியில் 90 ஃபிரேம் தலா 8 மில்லிநொடி, மீதி 10 ஃபிரேம் தலா 28 மில்லிநொடி எடுத்தால் சராசரி அழகாக 100 வரும். ஆடுபவருக்கோ நொடிக்குப் பத்து முறை குலுங்கும். 2011-இல் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன் ஃபிரேம் நேரத்தைத் தனித்தனியாக அளந்து காட்டிய பிறகுதான் விமர்சகர்கள் இதைக் கவனிக்கத் தொடங்கினார்கள். இன்று ரிவ்யூக்களில் 1 சதவீத லோ (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம்) என்று போடுவது அதன் வாரிசு. குலுக்கலுக்குக் காரணம் வீடியோ மெமரி நிரம்பி வழிவது என்றால் பெரிய மெமரியுள்ள கார்டு உதவும். ஆட்டத்தின் நடுவே ஷேடர் (நிறம் தீட்டச் சொல்லும் சிறு நிரல்) கம்பைல் ஆவதுதான் காரணமென்றால் எவ்வளவு விலையுள்ள கார்டும் அதை ஒழிக்காது.

நாமாகவே பூட்டுப் போட்டுக்கொள்வதும் உண்டு, போட வேண்டும். 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தபோது மெனு திரையில் பூட்டு இல்லாததால் கார்டுகள் வெறும் மெனுவையே வெறித்தனமாக வரைந்து சூடேறின. 2021-இல் அமேசானின் நியூ வேர்ல்டு கேமின் சோதனைப் பதிப்பான பீட்டாவில் சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தே போயின. சாலிடரிங் குறை என்று அந்தக் கார்டுகளைச் செய்த ஈவிஜிஏ பின்னால் சொன்னது, அமேசானோ மெனுவில் ஃபிரேம் பூட்டைச் சேர்த்தது. ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத அறையில் 144-க்குப் பதில் 90-இல் பூட்டிப் பாருங்கள், ஃபேன் சத்தம் அடங்கும். தாமதமும் குறையலாம்: கார்டு முழு மூச்சில் ஓடும்போது பிராசசர் தயார்செய்த ஃபிரேம்கள் வரிசையில் காத்துக் கிடக்கும், கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தால் வரிசை சேராது. ஜி-சிங்க் வகை மானிட்டரில் 144-க்கு 141 என்று இரண்டு மூன்று குறைத்துப் பூட்டச் சொல்வது, எண் திரையின் எல்லையில் போய் முட்டாமல் இருக்கத்தான்.

கடைசியாக, பெட்டி மேல் போடும் எண்கள். 2025 ஜனவரியில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, 4090-க்கு ஈடாக ஓடும் என்று மேடையில் அறிவித்தார். அந்தக் கணக்கில் டிஎல்எஸ்எஸ் 4 தொழில்நுட்பத்தின் ஃபிரேம் ஜெனரேஷன் சேர்ந்திருக்கிறது. நான்கில் மூன்று ஃபிரேமை கேம் உருவாக்குவதில்லை; உண்மையான இரண்டு ஃபிரேமுக்கு இடையில் கார்டு ஊகித்து வரைந்து செருகுகிறது. கண்ணுக்கு வழுவழுப்பாக இருக்கும், 70 ஃபிரேம் ஏற்கெனவே வருகிற இடத்தில் நன்றாகவே இருக்கும். 30-தான் வருகிறது என்றால், திரை 120 என்று காட்டினாலும் நீங்கள் அழுத்திய பட்டனை கேம் பார்ப்பது 33 மில்லிநொடிக்கு ஒரு முறைதான். இரண்டு கார்டுகளை ஒப்பிடும்போது அதை அணைத்துவிட்டு எடுத்த எண்ணைத் தேடுங்கள்.