ரோசம்: வெறும் கோபம் இல்லை

தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் ஒருவரை 'ரோசக்காரர்' என்றால் அது பாராட்டா திட்டா என்பது சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

மூலம் வடமொழி 'ரோஷ'. வேர் 'ருஷ்', அதாவது சினத்தல். ரகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பதால் 'உரோசம்' என்றும் எழுதினார்கள். அங்கே பொதுவான கோபம்தான், நம்மிடம் வந்தபின் பொருள் கூர்மையாகிவிட்டது. பஸ் பிந்தினால் கோபம் வரும், ரோசம் வராது. யாராவது நம்மைக் குறைத்து நடத்தினால்தான் அது வரும்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஈரக் கொழுந்து என்று கிலோவைக் கழித்து, அப்புறம் கிலோ குறைவு என்று கணக்கப்பிள்ளை அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டால், "அந்த அரைப்பேரையும் நீங்களே வச்சுக்குங்க ஐயா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் போய்விடுவார். கைக்கு நஷ்டம்தான். "ரோசம் பார்த்தா பொழைக்க முடியுமா?" என்று வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பதும் அதனால்தான். ஆனால் நாளைக்கு அதே ஆளுக்குக் கிலோ கழிக்க முன்னர் கணக்கப்பிள்ளை கொஞ்சம் யோசிப்பார், அந்த லாபத்தை யாரும் எழுதிவைப்பதில்லை.

இதையே 1982இல் ஜெர்மனியில் பொருளியலாளர் வெர்னர் கூத்தும் அவருடைய சகாக்களும் ஓர் ஆட்டமாக வைத்துப் பார்த்தார்கள். கையில் பணம் உள்ளவர் ஒரு பங்கை நீட்டுவார், மற்றவர் ஏற்றால் இருவருக்கும் கிடைக்கும், மறுத்தால் இருவருக்குமே ஒன்றுமில்லை. புத்தி மட்டும் பேசினால் ஒரு ரூபாய் என்றாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? இந்த ஆட்டத்தைப் பிறகு பல இடங்களில் ஆடிப் பார்த்ததில், ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால் ஏறக்குறைய பாதிப் பேர் வேண்டாம் என்றுவிடுகிறார்கள். 2003இல் மூளையைப் படம் பிடித்தபோது, அநியாயப் பங்கை நீட்டியதும் இன்சுலா என்ற பகுதி கூடுதலாக இயங்கியது தெரிந்தது. அருவருப்போடு தொடர்புள்ள பகுதி அது!

தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரலும் வெகுளியும் உண்டு. இளிவரலில் இழிவும் அருவருப்பும் சேர்ந்தே இருக்கும், வெகுளி சினம். ரோசம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்பது என் எண்ணம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சினம்' போதாது. 'தன்மானம்' எப்போதும் உள்ளே இருப்பது, ரோசம் அதைச் சீண்டும்போது கிளம்புவது. கட்டுரைக்குத் 'தன்மதிப்புச் சினம்' பொருந்தும். பேச்சில் ரோசமே இருக்கட்டும், 'ஷ' மட்டும் வேண்டாம்.