முதல் வரியை மாற்றினால் சைட் புதுசாகிவிடாது, அண்ணாச்சி!

நெல்லை டவுனிலும் ஜங்ஷன் பக்கமும் 2000-களில் போட்ட கடை சைட்டுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அல்வாக் கடை, பாத்திரக் கடை, பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் என்று பெரிய பட்டியல். சைட் செய்துகொடுப்பவர்கள், வெப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் புது வடிவத்தைச் சொல்லி, 'எச்டிஎம்எல்5-க்கு மாத்தியாச்சு' என்று பில் போடுகிறார்கள். ஃபைலைத் திறந்து பார்த்தால் மாறியிருப்பது பக்கத்தின் தலையில் நிற்கும் அறிவிப்பு வரியான டாக்டைப் மட்டும். அதற்குக் கீழே எழுத்தின் தோற்றத்துக்குப் போட்ட ஃபான்ட் டேக், நடுவில் நிறுத்தும் சென்டர் டேக் என்ற பழைய குறிகள், டேபிளுக்குள் டேபிள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. இந்த மாதமும் அதே கதைதான். எத்தனை தடவைதான் சொல்வது?

டாக்டைப்பைப் பார்த்து பிரவுசர் எச்டிஎம்எல் வெர்ஷனை முடிவு செய்வதில்லை. எந்த மோடில் பக்கத்தைக் காட்டுவது என்பதைத்தான் முடிவு செய்கிறது. டாக்டைப்பே இல்லையென்றாலும், சில பழைய டாக்டைப்புகள் இருந்தாலும் க்விர்க்ஸ் மோட். அதாவது 1990-களின் பிரவுசர் பழக்கங்களுக்கு இடம் கொடுக்கும் சலுகை. புது டாக்டைப் போட்டதும் விதிப்படி காட்டும் ஸ்டாண்டர்ட்ஸ் மோட் வந்துவிடும், சலுகை போய்விடும். பழைய பக்கம் பழையதாகவே இருக்க, அதைத் தாங்கிக்கொண்டிருந்த முட்டு மட்டும் கழன்றுவிடும்.

அப்புறம் என்ன ஆகும்? பேனர் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி டேபிள் கட்டங்களில் அடுக்கியிருப்பார்கள். துண்டுகளுக்கு நடுவே சில பிக்சல் வெள்ளைக் கோடு விழும். படத்தை எழுத்தைப்போல அடிக்கோட்டில் உட்காரவைத்து, கீழே வால் இறங்கும் எழுத்துக்கு இடம் விடுவதால் வருவது அது. தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் படத்துக்கு டிஸ்ப்ளே பிளாக் கொடுத்தால் போய்விடும். சிஎஸ்எஸ்ஸில் அகலம் 300 என்று பிக்சல் அலகு இல்லாமல் எழுதியது செல்லாது. பக்கம் முழுவதற்குமான பாடி டேக்கில் வைத்த எழுத்தின் அளவு அதுவரை டேபிளுக்குள் போகாமல் இருந்தது, இப்போது உள்ளே இறங்கும். உயரம் 100 சதவீதம் கொடுத்த டேபிள் சுருங்கிவிடும். கடைக்காரர் பதறிப்போய் போன் போடுவார். உடனே பழைய டாக்டைப்பைத் திரும்ப ஒட்டிவிட்டு, 'சரியாயிட்டு' என்பார்கள்!

தொடவேண்டியது முதலில் எழுத்தை. திஸ்கி, டேப், பாமினி என்று எந்தப் பழைய தமிழ் என்கோடிங்கில் (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறையில்) இருந்தாலும், எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். தமிழக அரசே 2010-ல் வந்துவிட்டது. திஸ்கியிலும் டேப்பிலும் ஆங்கிலத்துக்குத் தனி இடம் உண்டு, அதனால் தொல்லை குறைவு. வம்பு பாமினியில்தான். அதில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் ஃபான்ட்டின் தயவில் 'தமிழ்' என்று தெரிகின்றன. பக்கத்தை மொத்தமாகக் கன்வெர்ட்டரில் போட்டால் இமெயில் முகவரியும் டேக்குகளும் சேர்ந்து தமிழாகிக் கெட்டுப்போகும். பாமினி ஃபான்ட் டேக்குக்குள் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள்.

மாற்றியதை யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் சேமியுங்கள். 2019-க்கு முந்தைய நோட்பேட் தானாக, தமிழுக்கு இடமில்லாத ஆன்சியில்தான் சேமிக்கும். எழுத்து போய்விடும் என்று ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும், யாரும் படிப்பதில்லை, ஓகே அழுத்திவிடுவார்கள். அடுத்த முறை திறந்தால் வரிசையாகக் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியிலிருந்து தமிழை மீட்க வழியே கிடையாது. அதனால்தான் வேலை தொடங்குமுன் ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டுக்கும் பேக்கப் எடுக்கச் சொல்கிறோம். தயவுசெய்து எடுங்கள்.

எந்த என்கோடிங் என்று பிரவுசருக்குச் சொல்லும் கேரக்டர்செட் மெட்டா வரி ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் வரவேண்டும். அது சரியாக இருந்தும் எழுத்து உடைகிறதா? சர்வர் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் குறிப்பான ஹெட்டரைப் பாருங்கள். அதில் ஐஎஸ்ஓ-8859-1 என்ற ஐரோப்பிய என்கோடிங் இருந்தால் மெட்டா வரியை பிரவுசர் மதிக்காது.

பக்கத்தை போன் திரை அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் வரி இல்லாவிட்டால் போன் பிரவுசர் பக்கத்தை வழக்கமாக 980 பிக்சல் அகலமாக நினைத்துக்கொண்டு சுருக்கிக் காட்டும். பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் அட்ரிப்யூட்டில் தமிழுக்கான டிஏ போடுங்கள். இல்லையென்றால் பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்க்ரீன் ரீடர் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்கப் பார்க்கும். இதற்கெல்லாம் பிறகுதான் டாக்டைப்பும், பக்கத்தின் தப்புகளைச் சுட்டிக்காட்டும் டபிள்யூ3சி வேலிடேட்டரும். அது காட்டும் தப்புகளில் முதலில் சரிசெய்யவேண்டியது மூடாத டேக்குகளையும் தப்பாகப் பின்னிய டேக்குகளையும். எக்ஸ்எச்டிஎம்எல் என்ற பழைய வடிவத்தின் காலத்தில் டேக்கின் கடைசியில் போட்ட சாய்கோட்டை ஒவ்வொன்றாக அழித்து நாளை வீணாக்காதீர்கள், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

மெனுவையும் உள்பக்கத்தையும் தனித்தனி ஃபைலாக வைத்து ஒரே திரையில் காட்டும் ஃப்ரேம்செட்டைக் கழற்றியே ஆகவேண்டும். தேடி வருகிறவர் மெனு இல்லாத உள்பக்கத்தில் வந்து விழுந்து திரும்பிப் போய்விடுகிறார். 2020 கடைசியோடு, அசையும் படம் காட்டிய ஃப்ளாஷ் முடிந்துவிட்டது, அந்த இடம் இன்னும் காலிக் கட்டமாகத் தெரிகிறது. மார்க்கீயை எடுக்கச் சொன்னால் மட்டும் 'தீபாவளி ஆஃபர் ஓடணும்லா' என்பார்கள். ஓடுகிற எழுத்தைத் துரத்திப் படித்து யாரும் அல்வா வாங்குவதில்லை.

பக்கத்தை அடுக்குவதற்காகப் போட்ட டேபிள் லேஅவுட்டைச் சிஎஸ்எஸ் கிரிட்டுக்கு மாற்றுங்கள். ஆனால் விலைப்பட்டியலையும் தேர்வு அட்டவணையையும் உடைத்து டிவ் என்ற வெறும் பெட்டிகளாக ஆக்காதீர்கள் தம்பிமாரே, அவை டேபிளாகத்தான் இருக்கவேண்டும். ஆர்டர் ஃபார்மில் போன் நம்பர் பெட்டிக்கு டெல் டைப் கொடுத்தால் போனில் எண் கீபோர்ட் தானே வரும்.

பக்கங்களின் முகவரி மாறினால் ஒவ்வொரு பழைய முகவரிக்கும், அதன் புதிய பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது சோம்பேறித்தனம். கடைக்காரர்களுக்கு ஒன்று: பணம் கொடுக்குமுன் பில்லிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்த பழைய முகவரியை உங்கள் போனிலேயே அடித்து, அதே பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள்.