இரண்டாம் கியர் ஏன் முதலில் கரகரக்கிறது?

முதல் கியர் விகிதம் 3.5, இரண்டாவது 1.9 என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் 3000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) சுற்றும் இன்புட் ஷாஃப்ட், அதாவது எஞ்சினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குள் கொண்டுவரும் தண்டு, இரண்டாவது விழ வேண்டுமானால் ஏறக்குறைய 1630க்கு இறங்கியாக வேண்டும். கிளட்சை மிதித்ததும் எஞ்சின் விலகிவிடும். கிளட்ச் பிளேட் விலகாது, அது ஷாஃப்டின் ஸ்பிளைனிலேயே (நீளவாக்குப் பள்ளங்களில்) உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேர்த்து இழுத்து நிறுத்துவது ஒரு பித்தளை வளையம்: சிங்க்ரோ ரிங். நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போது குறைய வேண்டிய வேகம் இதில் பாதிகூட இருக்காது. இரண்டாவது முதலில் தேய்வது அதனால்தான்.

வளையத்தின் உட்புறம் கூம்பு, அதில் நுண்ணிய வரிகள். கியரின் கூம்பில் அழுந்தும்போது அவை ஆயில் படலத்தை அறுத்துப் பிடிப்பு தருகின்றன. வேகம் ஒன்றாகும்வரை வளையத்தின் பற்கள் ஸ்லீவை (நகர்ந்து வந்து கியரை ஷாஃப்டோடு பூட்டும் பல்வளையத்தை) மறித்து நிற்கும். வரி மழுங்கினால் மறிப்பு போய்விடும். பல்லோடு பல் மோதும்.

கியர் பெட்டியைப் பிரித்ததும் வளையத்தைக் கியர்மேல் அழுத்தி, வளையத்தின் பற்களுக்கும் கியரின் பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) விட்டு மூன்று இடங்களில் அளக்க வேண்டும். புதிதில் பொதுவாக 1 மி.மீ. இருக்கும், பல வண்டிகளில் 0.5க்குக் கீழே போனால் மாற்றியே ஆகவேண்டும். சரியான அளவு அந்தந்த சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஆயில் தடவி அழுத்தித் திருகினால் கவ்வ வேண்டும். வழுக்கினால் இடைவெளி சரியாக இருந்தும் பயனில்லை. ஸ்லீவ் பல்லின் முனை உருண்டிருந்தால் வளையத்தை மட்டும் மாற்றுவது வீண் செலவு. ஜிஎல்-4 தர கியர் ஆயில் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றக் கூடாது. அதில் கூடுதலாக உள்ள கந்தக-பாஸ்பரஸ் சேர்க்கை பித்தளையை அரிக்கக்கூடும்.

எஞ்சின் சக்தியைக் கூட்டியவர்கள் அடுத்து கை வைப்பது கிளட்சில். அது தாங்கும் டார்க் (முறுக்கு விசை): உராய்வெண் × அழுத்து விசை × சராசரி ஆரம் × 2 பக்கம். 0.3, 5000 நியூட்டன், 0.09 மீட்டர் என்றால் 270 நியூட்டன் மீட்டர். அழுத்து விசையை 30% கூட்டினால் 351. பெடல் கனக்கும், கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங்கும், எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கும் கூடுதல் பாரம் சுமக்கும். செராமிக் பிளேட்டில் உராய்வெண் ஏறும், ஆனால் நெரிசலில் நகரும்போது வண்டி உதறும். பலர் பார்க்க மறப்பது பிளேட்டின் எடை. சடத்துவம் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், விளிம்பில் ஏறும் ஒவ்வொரு கிராமும் சிங்க்ரோ தலையில்தான் விடியும். தினசரி ஓட்டும் வண்டிக்கு எடை குறைந்த ஆர்கானிக் பிளேட்டும் அதை அழுத்திப் பிடிக்கும் சற்றே வலுவான பிரஷர் பிளேட்டும் போதும்.

பெட்டி இறங்கியிருக்கும்போதே கிராங்கின் பின்பக்க ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். ஸ்பிளைனில் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். மிஞ்சினால் சிதறி பிளேட்டில் படும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும்.

மாட்டி முடித்ததும் ஐடிலில் கிளட்சை முழுக்க மிதித்து, சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். பல பெட்டிகளில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. கரகரத்தால் கிளட்ச் முழுசாக விலகவில்லை. கேபிளையோ ஹைட்ராலிக் லைனிலுள்ள காற்றையோ சரிசெய்யாமல் ஓட்டினால் புது வளையமும் தேய்ந்துபோகும்.